பழைய மின்னஞ்சல்கள் சிதையாமல் இருக்க

மின்னஞ்சல் சேவையை மாற்றும்போதும், வீட்டின் பழைய அஞ்சல்களைத் தொகுக்கும்போதும் சிலர் பைத்தானில் சின்ன நிரல் எழுதிக்கொள்வார்கள். நிரல் அஞ்சலைப் பிரித்துப் படித்து, மறுபடி எழுதி வைக்கும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். எது தொலைந்தது என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். அவர்களுக்காக:

1. வந்த அஞ்சலை ஒரு பைட்டும் மாறாமல் முதலில் தனியே சேமித்துவிடுங்கள். பிரித்துப் படிப்பது தேடவும் அடுக்கவும் மட்டும் இருக்கட்டும். இதைச் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

2. கோப்பை எழுத்துகளாகத் திறக்காமல் பைட்டுகளாகத் திறங்கள். தமிழர்களுக்கு இது மிக முக்கியம். யுனிகோடு பரவுமுன் திஸ்கி போன்ற குறியேற்றங்களில் தமிழ் அஞ்சல்கள் எழுதப்பட்டன. அவற்றின் தலைப்பிலோ ஐஎஸ்ஓ-8859-1 என்றுகூட இருக்கும். அவற்றை யுடிஎஃப்-8 என்று எண்ணிப் படித்து, புரியாத இடத்தில் பதிலிக்குறி போடும்படி நிரலுக்குச் சொன்னால், வெவ்வேறு எழுத்துகள் எல்லாம் ஒரே கேள்விக்குறியாகிவிடும். அப்புறம் எந்த மாற்றியாலும் அம்மாவின் கடிதத்தை மீட்க முடியாது. பைட்டுகள் பத்திரமாக இருந்தால் இன்றும் யுனிகோடுக்கு மாற்றிப் படிக்கலாம்.

3. தலைப்பு வரிகளை டிக்‌ஷனரியில் போடாதீர்கள். அஞ்சல் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் ஒரு 'ரிசீவ்டு' வரியை மேலே சேர்க்கும். டிக்‌ஷனரியில் அவற்றில் ஒன்றுதான் மிஞ்சும். வந்த வரிசையிலேயே பட்டியலாக வையுங்கள்.

4. 'மெசேஜ்-ஐடி'யைப் புதிதாக உருவாக்க வேண்டாம். பதில் அஞ்சல்கள் அதைப் பிடித்துத்தான் கோக்கப்படுகின்றன.

5. ஒரு வரி 78 எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஆர்எஃப்சி 5322. கட்டாய எல்லை 998. நீளமான தலைப்பு வரிகளை 78-க்குள் மடிக்க நூலகங்கள் தாமாகவே முயலும். பைத்தானின் 'ஈமெயில் பாலிசி'யில் 'ரீஃபோல்டு சோர்ஸ்' அமைப்பை 'நன்' என்று வைத்தால், வந்த மடிப்பு அப்படியே நிற்கும்.

6. கையொப்பமிட்ட பகுதியைத் தொடவே தொடாதீர்கள். பேஸ்64-இல் வந்த இணைப்பை வேறு குறியாக்கத்தில் திருப்பி எழுதினால், பொருள் மாறாவிட்டாலும் டிகேஐஎம் கையொப்பம் பொருந்தாது; பிஜிபி கையொப்பமும் அப்படியே. வாடகை, வேலை, நிலம் பற்றிய அஞ்சல்களில் 'இது மாற்றப்படாதது' என்று காட்ட உதவுவது அந்தக் கையொப்பம்தான்.

7. எம்பாக்ஸ் கோப்பில் எல்லா அஞ்சல்களும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரியே புது அஞ்சலின் அடையாளம். ஆகவே கடிதத்துக்குள் அப்படியொரு வரி வந்தால் பைத்தான் அதன் முன் '>' குறியைச் சேர்க்கும். திரும்பப் படிக்கும்போது நீக்காது. எழுதியவர் இட்ட குறி எது, நிரல் இட்டது எது என்று பிறகு பிரித்தறிய வழியில்லை. அஞ்சலுக்கு ஒரு கோப்பு வைக்கும் மெயில்டிர் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

8. எதையும் மாற்றாமல் ஒருமுறை படித்து, எழுதி, இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். இணைப்புள்ளவை, தமிழ்த் தலைப்புள்ளவை, கையொப்பமிட்டவை, எரிதங்கள் எல்லாம் இந்தச் சோதனையில் இருக்கட்டும். வேறுபாடு தெரிந்தால், காரணம் புரியும்வரை மூல அஞ்சல்களை அழிக்காதீர்கள்.