ராத்திரிக்கு ஒரு குக்கர் போதும்

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் ராத்திரியில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பிரெட், பிஸ்கட், இல்லாவிட்டால் ஆர்டர் போட்டு வரவழைக்கும் பெட்டிச் சாப்பாடு. ஹீமோகுளோபின் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததைக்கூட, “எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கிறதுதானே” என்று சொல்லிவிட்டாயாம். நீ சொன்னதில் பாதி உண்மைதான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே. அதோடு ராத்திரிச் சாப்பாட்டையும் ஒழுங்கு பண்ணு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே.

உனக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அடுப்பைப் பற்றவைக்க ஏன் மனசு வருவதில்லை? சமையலுக்குப் பின்னால் சிங்க்கில் குவியப்போகும் பத்துப் பாத்திரம்தான் ஆளை மலைக்க வைக்கிறது என்பது என் எண்ணம். சாதம், சாம்பார், ஒரு பொரியல், ஒரு ரசம் என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் சாப்பாட்டையே எடுத்துக்கொள். சாதம் வேக ஒரு பாத்திரம், பருப்புக்கு ஒன்று, இரண்டையும் வைக்க குக்கர், சாம்பார் கொதிக்க ஒரு போசி, புளி கரைக்கக் கிண்ணம், பொரியலுக்கு வாணலி, ரசத்துக்கு இன்னொன்று, தாளிக்கிற கரண்டி, தேங்காய் அரைத்த மிக்ஸி ஜார், காய் நறுக்கிய பலகை, கத்தி, பரிமாற நாலு கரண்டி, இரண்டு தட்டு. இத்தனையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து, மேடையைத் துடைத்து முடிக்கும் நேரத்தைச் சமையல் நேரம் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆனால் களைத்து வந்த உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் பிஸ்கட் பாக்கெட்டைக் கை தேடுகிறது. இனிமேல் என்ன சமைக்கலாம் என்று யோசிக்கும்போது, தட்டில் எத்தனை வகை இருக்கும் என்று பார்க்காதே. கடைசியில் சிங்க்கில் எத்தனை பாத்திரம் கிடக்கும் என்று பார். ஒரு குக்கர், ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு கரண்டி, இரண்டு தட்டு. அதற்குள் முடிகிற சமையலாக வேலை நாட்களில் செய்.

ஒரே பாத்திரத்தில் பொங்கிச் சாப்பிட்டால் சத்து எங்கிருந்து வரும் என்று கேட்பாய். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அதை அரிசி ஈடுகட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமைப்படுகிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம். இதை நாலு கிண்ணத்தில் பிரித்துத்தான் தின்ன வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கஞ்சியை வடித்துக் கொட்டினால் தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களும் அதோடு போகின்றன. ஒரே பாத்திரச் சமையலில் கொட்டுவதற்குத் தண்ணீரே மிஞ்சாது. உன் ரத்தக்குறைவுக்கு இன்னும் ஒரு வசதி இருக்கிறது. இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் விடு. அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

எடுத்துக்காட்டுக்கு நம் அரிசிம்பருப்பு சாதத்தையே சொல்கிறேன். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் துவரம்பருப்பு, கழுவி ஊறட்டும். குக்கரிலேயே கடலெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள்தூள் சேர். மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு, உப்புப் பார்த்து மூடு. மூன்று விசில் போதும். ஆவி தானாக அடங்கட்டும். அதற்குள் நீ குளித்துவிட்டு வந்துவிடலாம். நீ இருக்கிற பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக இங்கே ஆவதைவிட நேரம் ஆகும். குக்கருக்குள் அழுத்தத்தில் சூடு 120 டிகிரியை ஒட்டிப் போவதால் அந்தக் குறை தீர்ந்துவிடும். பருப்பு நுரைத்து ஆவித் துளையை அடைக்கும் என்பதால் பாதிக்கு மேல் மட்டும் நிரப்பாதே. கழுவுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெந்த கஞ்சி காய்ந்தால்தான் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும். பரிமாறின உடனே குக்கரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்; எழுந்து வரும்போது ஒரே தேய்ப்பில் போய்விடும். அப்படியும் அடிப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டுப் பிறகு தேய். கேஸ்கெட்டைக் கழற்றிக் கழுவ மறக்காதே.

தினமும் இதையே தின்ன முடியுமா என்பது அடுத்த கேள்வி. தின்ன வேண்டாம். பருப்பை மாற்று, தானியத்தை மாற்று, தாளிப்பை மாற்று, சாப்பாடே வேறாகிவிடும். திருநெல்வேலிக்காரர்கள் கருப்பு உளுந்தை அரிசியோடு வெந்தயம், பூண்டு, தேங்காய்த்துருவல் சேர்த்துப் பொங்குகிறார்கள். அதோடு சேரும் எள்ளுத் துவையலுக்கு மிக்ஸி ஜாரை எடுக்காமல் எள்ளுப்பொடியில் நல்லெண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ளலாம். அவர்களுடைய கூட்டாஞ்சோற்றில் கத்தரிக்காய், முருங்கைக்காய், கீரை எல்லாம் ஒரே சோற்றுக்குள் போகும். நீ இருக்கிற ஊரின் பிசிபேளாபாத்தும் இதே குடும்பம்தான். யாழ்ப்பாணத்தில் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவோடு மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, கீரை எல்லாம் சேர்த்து ஒரே பானையில் கூழ் காய்ச்சி, சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள். பாசிப்பருப்பில் வெண்பொங்கல், சாமையிலோ வரகிலோ அதே பொங்கல், காய் போட்ட ரவா கிச்சடி என்று வாரம் சுலபமாக ஓடிவிடும். அரைக்க வேண்டிய பொடிகளை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் அரைத்து வைத்துக்கொள். ஜாரைக் கழுவுவது வாரத்துக்கு ஒரு தடவையோடு போகும். காய் குழைந்துவிடும் என்று பயந்தால், கத்தரி, கேரட்டைப் பெரிதாக நறுக்கு. பீன்ஸ், பட்டாணி, கீரையைக் குக்கர் திறந்த பிறகு போட்டு இரண்டு நிமிடம் கொதிக்க விடு. புளிப்பு பருப்பை வேகவிடாது என்பதால் புளித்தண்ணீரும் கடைசியில்தான். வெள்ளரிக்காயை நறுக்கித் தயிரில் போட்டால் பச்சைக்காயும் ஆயிற்று. ஒரே ஒரு எச்சரிக்கை: மொத்தமாகப் பொங்கி மேடையிலேயே வைத்து மறுநாள் சாப்பிடாதே. அரிசியில் சில கிருமிகளின் வித்துகள் வேக்காட்டையும் தாங்கி உயிரோடிருக்கும். மிஞ்சினதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை.

வேறு வழியும் இருக்கிறதே என்பாய். சமையலுக்கு ஆள் வைக்கலாம், ஆர்டர் போடலாம். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. இருந்தாலும் நான் சொல்கிறதை யோசித்துப் பார். சமையலுக்கு வருகிற அம்மா நாலு வகை செய்துவிட்டுப் போனால் பாத்திரம் குறையாது. தேய்க்கிற கைதான் மாறும். கடைச் சாப்பாட்டில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேர்க்கச் சொல்கிறது. அளவு நம் கையில் இருந்தால்தானே குறைக்க முடியும்? பிளாஸ்டிக் டப்பாவையும் கழுவித்தான் குப்பையில் போட வேண்டும். தண்ணீரையும் நினைத்துப் பார். 2024 கோடையில் பெங்களூரு லாரித் தண்ணீருக்கு எப்படித் தவித்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் குறைந்தால் தண்ணீரும் குறையும்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். சாப்பாடு என்றால் நாலு வகை இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அது குடும்பத்துக்கே குறை என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் பாத்திரம் தேய்த்தவர்கள் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். அப்படி வேலை செய்கிற ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது அது 289, 88. இரண்டும் குறைந்திருக்கின்றன, நடுவிலுள்ள இடைவெளி மட்டும் 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. இதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு. கை வைக்காதவர்களையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள். கல்யாண வீட்டு இலையில் பதினாறு வகை இருக்கட்டும். அங்கே தவசிப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அண்டா கழுவ ஆள் இருக்கிறது. அந்த இலையைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பெண்ணின் தலையில் சுமத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாப்பிள்ளைக்குப் பிடிக்காதே, அவர் வீட்டில் இருந்து யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று நீ தயங்குவது எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, கேட்டால் செய்வார். கேட்காமல் இருப்பதுதான் தப்பு. சமைக்கிறவர் ஒருவர் என்றால் கழுவுகிறவர் இன்னொருவர் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கப்போவது தானே என்று தெரிந்தால், குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று என்று அவரே கேட்க மாட்டார். பாத்திரம் பத்தாக இருந்தால் இந்தப் பங்கீடு சண்டையில் முடியும். ஒரே குக்கர் என்றால் யாருக்கும் பாரமாகாது. விருந்தாளி வரும் அன்றைக்கு அப்பளம் பொரித்து, மேலே நெய் கொஞ்சம் தாராளமாக விட்டுப் பரிமாறு. சுடச்சுட அரிசிம்பருப்பு போட்டால் முகம் சுளிக்கிற மனுஷர் யாரும் கிடையாது. அப்படியே சுளித்தாலும் அது அவர்கள் பாடு. உன் ஹீமோகுளோபினை வந்து ஏற்றப்போவது அவர்கள் இல்லை.

நிறையப் பேசிவிட்டேன் கண்ணு. படித்துவிட்டு மனசு கஷ்டப்படாதே. நீ என்ன செய்தாலும் அதில் ஒரு நிதானம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் தூரத்து ஊரில் வேலையும் வீடுமாக நீ சமாளிப்பதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை. ஒரு நாள் சமைக்க முடியவில்லையென்றால் முடியவில்லை, விட்டுவிடு. பிரெட் தின்றால்தான் என்ன, கூட ஒரு முட்டையும் வாழைப்பழமும் சேர்த்துக்கொள். ஆர்டர் போட்டாலும் போடு. பட்டினியாக மட்டும் படுக்காதே, அது போதும் எனக்கு. அடுத்த வாரம் பெங்களூரு வருகிறவர் ஒருவரிடம் செக்கில் ஆட்டின கடலெண்ணெயும் மஞ்சள்தூளும் எள்ளுப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன். சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ உரித்தே அனுப்புகிறேன், நீ உரித்துக்கொண்டிருக்க வேண்டாம். வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. மாப்பிள்ளைக்கு அவருக்குப் பிடித்த நிப்பட்டும் வைக்கிறேன். பெரியம்மா கோபமாக எழுதியிருக்கிறாள் என்று அவரிடம் சொல்லிவிடாதே. முடிந்தபோது போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

எப்போதும் உன் நலம் நாடும்,
பெரியம்மா