காலடித் திசை

திசைகளை வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் புத்தர் ஆறு திசைகளின் உட்பொருளை உபதேசித்தார். அவற்றுள் காலடியில் உள்ள திசை வேலையாட்களைக் குறிப்பதாகும். அவரவர் வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய பண்டங்களைப் பகிர்தல், காலமறிந்து ஓய்வு கொடுத்தல் ஆகிய ஐந்தும் எஜமானனின் கடமைகள். வேலையாளுக்கும் ஐந்து கடமைகள் உண்டு. அவற்றை நமக்கு நினைவூட்டப் பிறர் என்றும் தவறியதில்லை! ஆதலின் முதல் ஐந்தையே இங்கு ஆராய்வோம்.

இவை மறுக்கப்பட்ட இடத்தில் நிகழ்ந்தது என்ன? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் கடற்கரை உள்ளது. அதனை அடுத்த வெங்ஙானூரில் 1863இல் அய்யன்காளி பிறந்தார். அவர் பௌத்தரல்லர், எனினும் அவர் வரலாறு நமக்கு உரியதே. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இலேயே சட்டப்படி ஒழிந்தது. வயலில் விழுந்த அடியோ ஒழியவில்லை. கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. தேநீர் சிரட்டையில் ஊற்றப்பட்டது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைக் கண்ட அய்யன்காளியின் அழைப்பை ஏற்று உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிள்ளைகளுக்குப் பள்ளி, வேலைக்கு இடையே ஓய்வு, காசாகக் கூலி, அடியும் பொய்வழக்கும் நீங்குதல் ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். சிகாலனுக்கு உரைத்த கடமைகளிற் சில இக்கோரிக்கைகளில் இருப்பதைக் காண்க.

நிலவுடைமையாளர் சிலர் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர், இயலவில்லை. ஆனால் வேலை நிறுத்தியவர் குடிசைகளிலும் பசி புகுந்தது. அப்பொழுது அய்யன்காளி விழிஞ்ஞத்து மீனவரிடம் சென்றார். வள்ளம் ஒன்றுக்கு ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு, கிடைக்கும் மீனில் பங்கு தருமாறு வேண்டினார். மீனவரும் இசைந்தனர். கடலையே அறியாத உழவர் கடல்மீனால் உயிர் தாங்கினர். முடிவில் கூலி உயர்ந்தது.

இப்பாடத்தை முதலாளிகளுக்கு மட்டும் உரியதென நாம் ஒதுக்குதல் தகாது. நம்முள் சிலர் இன்று உத்தியோகம் பெற்று, வீட்டில் வேலைக்கு ஆள் வைத்துள்ளோம். பண்டிகை நாளில் இனிப்பு கொடுத்து மகிழ்கிறோம். அது ஐந்தனுள் நான்காவது மட்டுமே. பாத்திரம் துலக்கும் அம்மாளுக்குத் தேநீர் தருவது எந்தக் குவளையில்? காய்ச்சலால் அவர் வராத நாளின் கூலியை நாம் என்ன செய்கிறோம்?