வயிற்றுக்குள்ளேயே ஒரு ஃபில்டர்: வீட்டு டயாலிசிஸின் கணக்கு

டயாலிசிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு பெரிய மெஷின், கையில் ரெண்டு ஊசி, வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அது ஹீமோடயாலிசிஸ். தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்கு அந்த மூணு நாளும் முழுசா போயிடும். அப்புறம் வேலைக்கோ காலேஜுக்கோ எப்படிப் போறது?

இன்னொரு வழி இருக்கு. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதன் பெயர் சி.ஏ.பி.டி. இது நாம் படிக்கிற மாஸ் பேலன்ஸ் கணக்கிலிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம்.

ஃபில்டர் எங்கே?

நம் குடலையும் கல்லீரலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். அது முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்கள். பரப்பளவு 1 முதல் 2 சதுர மீட்டர் வரை. அதாவது, ஒரு ரெடிமேட் மெம்ப்ரேன்.

சின்ன ஆபரேஷன் மூலம் வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். குளுக்கோஸ் கலந்த 2 லிட்டர் சுத்தமான திரவப் பையை மேலே மாட்டினால், புவியீர்ப்பிலேயே உள்ளே இறங்கும். 4 முதல் 6 மணி நேரம் அங்கேயே இருக்கும். அந்த நேரத்தில் ரெண்டு வேலை நடக்கும்:

1. டிஃப்யூஷன்: ரத்தத்தில் அதிகமாக உள்ள யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் திரவத்துக்குள் வரும்.
2. ஆஸ்மாசிஸ்: குளுக்கோஸ் இழுப்பதால் உடம்பில் தேங்கிய தண்ணீரும் வரும்.

பிறகு தரையில் வைத்த காலிப் பைக்குள் அதை வடித்துவிட்டு, புதுத் திரவம் ஏற்றணும். ஒரு தடவைக்கு சுமார் அரை மணி நேரம், வழக்கமாக ஒரு நாளைக்கு நாலு தடவை. நடுவில் நடக்கலாம், வேலை பார்க்கலாம். சவ்வு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வெறும் 9 லிட்டர் போதுமா?

நல்ல கிட்னிகள் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டும். இங்கே 8 லிட்டர் உள்ளே போகிறது. இழுத்த தண்ணீர் 1 லிட்டரும் சேர்ந்து 9 லிட்டர் வெளியே வருகிறது. எப்படிச் சமாளிக்கும்?

ஒரு உதாரணம் போடுவோம். உடம்பு ஒரு நாளைக்கு 6 கிராம் யூரியா நைட்ரஜன் உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெடி ஸ்டேட்டில், உண்டாவதும் வெளியேறுவதும் சமம். திரவம் பல மணி நேரம் உள்ளே இருப்பதால், அதன் யூரியா அளவு கிட்டத்தட்ட ரத்தத்தின் அளவுக்கே வந்துவிடும். ஆக,

6 கிராம் ÷ 9 லிட்டர் = லிட்டருக்கு 0.67 கிராம், அதாவது 100 மில்லிக்கு 67 மில்லிகிராம்.

நார்மல் அளவு 7 முதல் 20 வரைதான். 67 அதிகம்தான், ஆனால் அது ஏறிக்கொண்டே போகாமல் நிற்கிறது. கிட்னியில் கொஞ்சம் வேலை மிச்சம் இருந்தால் இன்னும் குறையும். ஹீமோடயாலிசிஸில் இந்த அளவு சா-டூத் அலை மாதிரி ஏறி இறங்கும். இங்கே ஏறக்குறைய டி.சி. கோடு.

1970-களின் நடுவில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இந்த மாதிரிக் கணக்கைப் போட்டவர்கள் ராபர்ட் பாப்போவிச் என்ற இன்ஜினியரும் ஜாக் மான்கிரீஃப் என்ற டாக்டரும். தினம் ஐந்து தடவை 2 லிட்டர் போதும் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை.

வீக் பாயிண்ட்: கனெக்ஷன்

நாலு தடவை வீதம் வருஷத்துக்கு 1460 தடவை குழாயை இணைக்கணும். ஒரு தடவை கிருமி நுழைந்தாலும் பெரிட்டோனைட்டிஸ் என்ற ஆபத்தான தொற்று வரலாம். ஆரம்பத்தில் கண்ணாடி பாட்டில்கள் இருந்ததால் இது அடிக்கடி வந்தது. டொரண்டோவில் ஓரியோபுலோஸ் குழு பிளாஸ்டிக் பைக்கு மாறியதும் குறைந்தது.

அடுத்த பெரிய முன்னேற்றம் ஒய் வடிவக் குழாய். முன்பு, புதுப் பையை இணைத்ததும் திரவம் நேராக உள்ளே போகும். இணைப்பில் ஒட்டிய கிருமியும் கூடவே போகும். இப்போது இணைத்த பிறகு முதலில் பழைய திரவத்தை வடிக்கிறார்கள், கொஞ்சம் புதுத் திரவத்தால் குழாயைக் கழுவிக் காலிப் பைக்கே அனுப்புகிறார்கள், அப்புறம்தான் உள்ளே ஏற்றுகிறார்கள். கிருமி வயிற்றுக்குப் பதிலாகக் கழிவுப் பைக்குப் போகிறது. வரிசையை மாற்றினதுதான் டிசைன்!

வீட்டில் செய்யும்போது கதவு, ஜன்னலை மூடணும், ஃபேனை நிறுத்தணும், மாஸ்க் போடணும், கையை நன்றாகக் கழுவணும். வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்கணும். கலங்கலாக வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எல்லாருக்கும் சரிவருமா?

வராது. வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள் சிலருக்கு முடியாது. குளுக்கோஸ் உடம்பில் சேர்வதால் எடையும் சர்க்கரையும் ஏறலாம். புரதமும் வெளியேறும், அதனால் சாப்பாட்டில் ஈடுகட்டணும். வருஷங்கள் போகப் போக சவ்வின் திறன் குறையலாம். மாதத்துக்கு 120 பை, அதாவது 240 கிலோ திரவம் வைக்க இடமும் வேணும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. எனவே உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது டயாலிசிஸ் தேவை என்று சொன்னால், டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "எனக்கு வீட்டிலேயே செய்யிற முறை பொருந்துமா?" பதில் இல்லை என்றே வரலாம். ஆனா கேட்காமலே விட்டுடக் கூடாது.