புதுச் சரக்கும் பழுத்த மாம்பழமும்



செண்பகத்தோப்பு அடிவாரத்து மாம்பழத்தை விலை ஏறட்டுமென்று பூட்டி வைப்பார் உண்டோ? அழுகிப்போகும் என்று அறிவோம். புதுக் கருவியும் அப்படியே.

2007 ஜூன் 29-ல் முதல் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதிக விலைக்கு மறுபடி விற்கலாமென்று பலர் வரிசையில் காத்துக் கிடந்தனர். ஆப்பிள் கடைகளிலோ மறுநாளும் சரக்கு இருந்தது. கடையில் கிடைப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பார் யார்? செப்டம்பர் 5-ல் கம்பெனியே 599 டாலர் கருவியை 399 டாலராகக் குறைத்தது. விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு இலாபமும் இல்லை, முதலும் தேறவில்லை.

ஆகையால், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தையோ கடன்பணத்தையோ இப்படிப் போடுமுன் வீட்டாரோடு கலந்து பேசுங்கள்: இந்தச் சரக்கு இன்னும் வருமா? விலை இறங்கினால் நம் அடுப்பு எரியுமா?