பதினான்காம் நாள் எல்லாருக்கும் ஒன்றா?

முதலாம் படிவ அறிவியல் பாடத்தில் மாதவிடாய்ச் சுழற்சியின் வட்டப் படத்தை ஒவ்வோர் ஆண்டும் வெண்பலகையில் வரைகிறேன். மொத்தம் 28 நாள்கள்; 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும். தேர்வில் அப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும். அதோடு பாடம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

திருமணமாகி ஓராண்டு கடந்த முன்னாள் மாணவி ஒருவரைச் சில மாதங்களுக்கு முன் ஒரு விருந்தில் சந்தித்தேன். “விசேஷம் இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள், டீச்சர். நீங்கள் சொன்ன 14ஆம் நாளைத்தான் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறேன்” என்றார். “உனக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்மா?” என்று கேட்டேன். “35 நாள்.” எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் சொல்லாமல் விட்ட பாதியை இங்கே எழுதுகிறேன்.

இரத்தப்போக்கு தொடங்கும் நாளே சுழற்சியின் முதல் நாள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானது. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் சூலகத்தில் ஒரு கருமுட்டை அதன் பையோடு முதிர்கிறது. இதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். காய்ச்சலோ கடும் மனவுளைச்சலோ அதைத் தள்ளிப்போடலாம். முட்டை வெளியேறியதும் எஞ்சிய பை மஞ்சள் நிறத் திசுவாகி, கருப்பைச் சுவரைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அத்திசு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், ஹார்மோன் குறையும், சுவர் உதிர்ந்து மாதவிடாய் வரும். இந்த இரண்டாம் பகுதி அவ்வளவாக மாறுவதில்லை.

ஆகவே நாளை முன்னிருந்து எண்ணக் கூடாது, பின்னிருந்து எண்ண வேண்டும். ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ 1924இலேயே இதைக் கண்டு சொன்னார்: அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள்களுக்கு முன்புதான் முட்டை வெளிப்படுகிறது. 35 நாள் சுழற்சி என்றால் சுமார் 21ஆம் நாள். 22 நாள் சுழற்சி என்றால் சுமார் 8ஆம் நாள்.

வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை காத்திருக்கும். இதனால் கருத்தரிக்கும் காலம் முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களும் ஆகும். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் கருத்தரிக்க விரும்பிய 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து 1995இல் வெளியிட்ட ஆய்வும் இந்த ஆறு நாள்களையே காட்டியது. 10 முதல் 17ஆம் நாளுக்குள் இந்த ஆறு நாள்களும் முழுமையாக அடங்கிய பெண்கள் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரே என்று அக்குழு 2000இல் எழுதியது. பாடநூல் பெண் உண்மையில் சிறுபான்மை!

குழந்தை இப்போது வேண்டாம் என்றிருப்பவர்களுக்கும் இது முக்கியம். “மாதவிடாய் முடிந்த கையோடு கரு தங்காது” என்று பலர் நம்புகிறார்கள். 22 நாள் சுழற்சிக்காரருக்கு 3 முதல் 8ஆம் நாள் வரை வாய்ப்பு உண்டு. இரத்தப்போக்கு நிற்கும் முன்பே அது தொடங்கிவிடுகிறது. மேலும், கழிக்க வேண்டிய எண் அந்த மாதம் முடிந்த பிறகுதானே தெரியும்? கைப்பேசிச் செயலி காட்டுவதும் பழைய மாதங்களின் சராசரியை வைத்த ஊகம்தான். சுழற்சி இன்னும் சீராகாத பதின்ம வயதினர் அதை நம்பவே கூடாது. பிரசவத்துக்குப் பின் “இன்னும் தீட்டு வரவில்லை” என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளியாகிவிடலாம்.

உடலே சில அடையாளங்களைத் தரும். முட்டை வெளிப்படும் நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக நீளும். மருந்தகத்தில் கிடைக்கும் சோதனைக் குச்சி சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் உயர்வதைக் காட்டும். அடுத்த ஒன்றரை நாளுக்குள் பெரும்பாலும் முட்டை வெளியாகும். காலையில் எடுக்கும் உடல் வெப்பம் சற்று உயர்வதோ முட்டை வெளிவந்த பிறகுதான்; அந்த மாதத்துக்கு அது தாமதம்.

முயன்றும் ஓராண்டில் கரு தங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனைவிக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். 21 நாளுக்கும் குறைவாகவோ 35 நாளுக்கும் அதிகமாகவோ அடிக்கடி போனால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கணவரும் கூடவே போகட்டும். பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைவிட விந்துச் சோதனை எளிது, வலியும் இல்லை. நம் வீடுகளில் அதைத்தான் கடைசியாகச் செய்கிறோம்.