மாணவர் முயற்சியும் ஊர் வழிகாட்டியும்

வன்னியில் உயர் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில் முயற்சியைக் கற்பிக்க வேண்டுமெனப் பலரும் கூறுகின்றனர். நல்லதே. ஆனால் முதலில் கற்பிக்க வேண்டியது துணிவையா, கணக்கையா? கணக்கையே என்போம். 2009ல் போர் முடிந்தபின் வந்த நுண்கடன்களால் எத்தனை தாய்மார் அல்லலுற்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2018ல் வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்களின் கடனில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அத்தாய்மாருக்குத் துணிவு குறைந்திருக்கவில்லை.

மாணவர் முயற்சி புதிய எண்ணமன்று. 1919ல் அமெரிக்காவில் தோன்றிய 'ஜூனியர் அச்சீவ்மென்ற்' இயக்கம் பிள்ளைகளைக் கொண்டு சிறு கம்பனி அமைத்து, பங்கு விற்று, பொருள் செய்வித்தது. நம் நாட்டில் 1972ம் ஆண்டுச் சீர்திருத்தம் அவ்வவ்வூர்த் தொழில்களையே தொழில்முன்னிலைப் பாடங்களாக்கியது. 1977ல் அரசு மாறியதும் அவை கைவிடப்பட்டன. இழப்பென்றே சொல்வோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பன்னிரண்டு மாணவர் ஆளுக்கு 200 ரூபா இட்டு 2400 ரூபா சேர்க்கின்றனர். அதில் 1900 ரூபாவுக்குக் கச்சானும் தாளும் வாங்கி, வறுத்து, நூறு சரைகளை 30 ரூபாப்படி விற்கின்றனர். வரவு 3000. "இலாபம் 1100" என்று ஆரவாரிப்பர். இங்கேதான் வழிகாட்டி வேண்டும். விறகு யாருடையது? அம்மா சேர்த்தது; விலை 250. சந்தைக்குப் போய்வந்த பஸ் செலவு 200. மிச்சம் 650. பன்னிருவரும் மும்மூன்று மணித்தியாலம் உழைத்தனர், ஆக முப்பத்தாறு. மணித்தியாலத்துக்கு 18 ரூபா! முதலைக் கடனாக வாங்கியிருந்தால் வட்டியும் இதற்குள்ளேதான். இக்கணக்கைப் பதினைந்து வயதிற் போட்டுப் பார்த்த பிள்ளை, பின்னர் கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் சற்று நிற்கும்.

வழிகாட்டி பட்டதாரியாயிருக்க வேண்டியதில்லை. கடைக்காரர், தச்சர், பாற் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர் எவரும் போதும். எனினும் பிள்ளையின் உழைப்பைத் தமது இலாபமாக்குவோரும் உளர். 1852ல் இத்தாலியின் தூரின் நகரில் புனித டொன் பொஸ்கோ தம் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பியபோது, எசமானிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார்: அடிக்கலாகாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு. பாடசாலை அதிபரும் இதுபோல் ஒரு தாள் எழுதி, பெற்றோர், வழிகாட்டி, மாணவர் மூவரிடமும் ஒப்பம் பெறட்டும். அத்தாளில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: தவணை முடிவிற் கம்பனியைக் கலைத்து, நட்டமாயினும் கணக்கைப் பெற்றோர் முன் மாணவரே வாசிக்க வேண்டும்.