டொராண்டோ கோடையில் ஆங்கிலம் பேசிப் பழக எங்கே போகலாம்?

டொராண்டோவுக்குப் புதிதாகக் குடிவந்த பலருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், எழுதவும் வரும். பேசத்தான் நா எழாது. வகுப்பில் இலக்கணம் கிடைக்கும். சரளம் வர, எதிரே பேசுவதற்கு ஆள் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் வீதியிலும் பூங்காவிலும் ஆளுக்குக் குறைவில்லை. எங்கே போவது என்று முடிவுசெய்ய ஒரே கேள்வி போதும்: அங்கே நீங்கள் வாய் திறக்க எத்தனை தடவை வாய்ப்பு வரும்?

உழவர் சந்தை

முதல் அடி வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சனிக்கிழமைகளில் செயின்ட் லாரன்ஸ் சந்தையிலும், பழைய செங்கல் ஆலை வளாகமான எவர்கிரீன் பிரிக் வொர்க்ஸிலும் விளைவித்தவர்களே விற்க வருகிறார்கள். ஆகஸ்டில் பீச் பழக்கடை முன் நின்று, "ஆர் தீஸ் ரெடி டு ஈட் டுடே?" என்று கேளுங்கள். "கிவ் தெம் அ டே ஆர் டூ" என்று பதில் வரலாம். அடுத்த கடையில் அதே கேள்வியைக் கேட்டால் வேறொரு பதில் வரும். ஒரே உரையாடலை நாலு பேரிடம் நடத்திவிட்டால் ஐந்தாவது கடையில் தயக்கம் இருக்காது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் ஏறிவிட்டால் கடைக்காரருக்குப் பேச நேரமிருக்காது.

நடைப் பயணம்

நகரச் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 2006-இல் மறைந்தார். அவர் நினைவாக 2007-இல் டொராண்டோவில் 'ஜேன்ஸ் வாக்' தொடங்கியது. மே மாத முதல் வார இறுதியில், ஊர்க்காரர்களே தங்கள் பகுதியைச் சுற்றிக் காட்டுவார்கள், கட்டணம் இல்லை. ஓரளவு ஆங்கிலம் புரிகிறவர்களுக்கு ஏற்றது. பக்கத்தில் நடப்பவரிடம் பேச விஷயம் தேட வேண்டாம், கண்ணெதிரே கட்டடமாகவும் மரமாகவும் நிற்கும். உங்கள் பேட்டையையே தேர்ந்தெடுங்கள். பாதி விஷயம் முன்பே தெரிந்திருந்தால் மீதி எளிதில் பிடிபடும்.

திறந்தவெளி நாடகம்

ஹை பார்க்கில் 1983 முதல் கோடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கின்றன. போய்ப் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்த ஆங்கிலத்தைக் கொண்டு மளிகைக் கடையில் பேச முடியாது. பேச்சுப் பழக்கத்துக்காக மட்டும் போவதானால் இது கடைசித் தேர்வு.

பெருந்திருவிழாக்கள்

1879-இல் தொடங்கிய கனடிய தேசியக் கண்காட்சி (சி.என்.இ.), 1967-இல் தொடங்கிய கரீபியன் கார்னிவல் இரண்டுக்கும் குடும்பத்தோடு போய் மகிழலாம். இரைச்சலில் பேச்சு நீளாது. உணவு வாங்கும்போது இரண்டு வாக்கியம் பேசினால் உண்டு.

தன்னார்வப் பணி

கொஞ்சம் துணிச்சல் வந்தவர்களுக்கு இதுவே சிறந்தது. இத்தகைய விழாக்களின் தகவல் மேசையில் தன்னார்வலராக நின்றால் நாள் முழுக்க வருவது அதே பத்துக் கேள்விகள்தான். "வேர் இஸ் த வாஷ்ரூம்?" என்பது நிச்சயம் வரும். "ஸ்ட்ரெய்ட் அஹெட், ஆன் யுவர் லெஃப்ட்" என்று சொல்லிச் சொல்லி, மாலைக்குள் யோசிக்காமலே பதில் வந்துவிடும். இங்கே மக்கள் உங்களைத் தேடி வந்து பேசுவார்கள். அதுதான் பெரிய லாபம்.

கூச்சம் அதிகமென்றால் ஆகஸ்ட் கடைசியில் ஸ்கார்பரோ மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவில் தொடங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் கைகொடுக்கும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். அடுத்த ஆண்டு வேறு சமூகத்தின் விழாவுக்குப் பெயர் கொடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும்

இரண்டு கேள்விகளை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புரியாதபோது தலையாட்டிவிட்டு நகராமல், "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்று கேளுங்கள். குளிர்காலம் வந்தபின் பொது நூலகக் கிளைகளின் இலவச ஆங்கில உரையாடல் வட்டங்களில் தொடருங்கள். கோடையில் பிடித்த பேச்சு அப்போதுதான் கைவிட்டுப் போகாது.